ஐந்தாம் வகுப்பில் இன்னொரு வருஷம்

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தலைமையாசிரியர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று போன வாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கொஞ்சம் உற்சாகமூட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இரண்டாவது வேண்டுகோளை என்னால் நிறைவேற்ற முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் துறையின் சுற்றறிக்கைகளைப் படியுங்கள். அவற்றில் எல்லாப் பள்ளிக்கூடமும் நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.

வருகைப் பதிவை எப்படி ஏற்றுவது, கட்டட நிதிக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகப் போவதில்லை. ஒரு நாள் உங்கள் அறை வாசலில் யாராவது வந்து நின்று, நியாயமான ஒன்றைக் கேட்பார்கள். அதற்குச் சட்டத்தில் இடமிருக்காது. பயிற்சியில் கொடுத்த எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பதில் கிடைக்காது. என்னிடமும் ஒருவர் அப்படி வந்தார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பழைய கட்சி. பள்ளிக்கூடத்தைப் பெற்றவர்களும் வாத்தியாரும் சேர்ந்து நடத்த வேண்டும், அரசாங்கம் கூரை போட்டுச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும் என்று நினைக்கிறவள். இதைச் சொன்னால் கூட்டங்களில் சிரிப்பார்கள். டீச்சருக்கு இன்னும் கரும்பலகைக் காலம் முடியவில்லை என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அதற்காக அரசாங்கம் கொடுப்பதையெல்லாம் கரித்துக்கொட்டுகிற ஆளும் இல்லை. காலைச் சாப்பாடு வந்த பிறகு பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவது நின்றது. அதை நானே கண்ணால் பார்த்தேன், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஏனாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில். அங்கிருந்த தலைமையாசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால், தேர்வு முடிவு ஒட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போவார். அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் நிறுத்துவார், மாட்டோம் என்றால் மேலே அனுப்பிவிடுவார். பிள்ளையின் பெயர் ஊர் பார்க்கச் சுவரில் ஏறுவதற்குள் வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவரும் ஆளைக் கண்டால் எரிந்து விழுகிற மனிதர்தான், கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றிய முடிவை அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். பிறகு எட்டாம் வகுப்பு வரைக்கும் யாரையும் எங்கும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. அதோடு அந்தச் சாயங்காலப் பேச்சும் போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக நான் வேலை பார்த்தது பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளி. கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளிகள் திறந்து, ஆண்டுத் தேர்வு என்று ஒன்றை நடத்தி முடித்திருந்த வெயில் காலம். ஐந்தாம் வகுப்பு பவித்ராவின் அப்பா தணிகாசலம் என் அறைக்கு வந்தார். அவரும் அவர் மனைவியும் பட்டு நெய்கிறவர்கள். எதற்கும் பள்ளிப் பக்கம் வராத மனிதர், கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் மனைவியைத்தான் அனுப்புவார். மகள் பாஸானதற்குச் சாக்லேட் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கையில் சாக்லேட் எதுவும் இல்லை. அவளுக்குப் படிக்க வரவில்லை டீச்சர் என்றார். பரீட்சையில் நன்றாகத்தானே எழுதியிருக்கிறாள் என்று நான் சமாளித்துப் பார்த்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்ற மகளைக் கூப்பிட்டார்.

பவித்ராவிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து முதல் பாட்டைப் படிக்கச் சொன்னேன். கணீரென்று சொன்னாள், ஓரிடத்தில்கூடத் தடங்கவில்லை. எனக்கே கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு பத்துப் பதினைந்து பக்கம் தள்ளி ஒரு கதையைத் திறந்து கொடுத்தேன். அந்தக் கதையைக் கண் கொட்டாமல் பார்த்தபடி, முன்னே சொன்ன அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவள் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளியை மூடியபோது அவள் மூன்றாவது, திறந்தபோது ஐந்தாவது. வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் பாவு நூலும் பட்டும் வாங்க அப்பா வெளியே கிளம்பினால் அவரோடு போய்விடும். வகுப்பே நடக்காமல் இரண்டு வகுப்பு ஏறி வந்த பிள்ளை. காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் புத்தி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் இப்படி அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்து வந்து சொன்ன அப்பா அவர் ஒருவர்தான்.

"தறியில ஊடை நூல் தப்பிப்போச்சின்னா நாங்க மேல மேல நெய்துக்கினு போக மாட்டோம் டீச்சர்," என்றார். "தப்பு விழுந்த எடம் வரைக்கும் பிரிச்சிட்டு வந்து மறுபடியும் நெய்வோம். வேலை கெடும்தான், கெட்டா கெடட்டும். இவளை இன்னொரு வருஷம் அஞ்சாவதுலயே வையுங்க."

முடியாதென்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னேன். சட்டம் இருக்கிறது, யாரையும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் என் வேலைக்கே ஆபத்து என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க நிறுத்த வாணாம் டீச்சர். நான் கேக்கறேன். பெத்தவன் கேக்கறேன், அப்பவும் கூடாதா?" என்றார்.

பள்ளிக்கூடத்துக் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார்கள். பெற்ற அப்பனே வந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பான் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. பேனாவைப் பிடித்து உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்களுக்குத் தணிகாசலத்தின் தெரு தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால்தான் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதோடு விட்டுவிடவும் இல்லை. ஊரிலிருந்த ஒரு தனியார் பள்ளியில் போய்க் கேட்டார். எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறோம் என்றார்களாம், ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழே கூட்டிப் படிக்க வராத பெண்ணை அங்கே கொண்டு போய் என்ன செய்வது என்று திரும்பி வந்துவிட்டார். பள்ளி திறந்த அன்று மகளோடு மறுபடியும் என் அறை வாசலில் நின்றார். நான் கேட்காமலே, அவ அஞ்சாவதுலயே உட்காரட்டும் டீச்சர் என்றார்.

நான் ஒரு காரியம் செய்தேன். பதிவில் அவள் ஆறாம் வகுப்பு, உட்காருவது ஐந்தாம் வகுப்பில். இதை மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. இன்றைக்கு யாராவது வந்து கேட்டாலும் இதையேதான் செய்வேன். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை சாந்தி கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தாள். மாட்டிக்கொண்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன் என்றாள், தாராளமாகச் சொல் என்றேன். பெண்ணையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் பாதிதான் சம்மதம் என்று எனக்குத் தெரிந்தது.

முதல் சில வாரங்கள் கஷ்டம்தான். கூடப் படித்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது யாரோடும் சேராமல் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு மெல்ல மாறிற்று. சாந்தி கெட்டிக்காரி, அவளை எல்லோருக்கும் முன்னால் எழுப்பிப் படிக்கச் சொல்லவில்லை. எழுத்தைச் சேர்க்கத் தடுமாறுகிற பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், அவர்களோடு இவளையும் வட்டமாக உட்கார வைத்தாள். அந்த வட்டத்தில் பவித்ராதான் உயரம். அந்த உயரத்துக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது, சின்னதுகள் அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தன.

ஒரு நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவளும் அவள் அம்மாவும் அங்கே இருந்தார்கள். பஸ் ஒன்று வந்து நின்றது. பவித்ரா அதன் நெற்றியைப் பார்த்து, ஓ, ரிக், கை என்று கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, ஓரிக்கை டீச்சர் என்றாள். ஓரிக்கை போகும் பஸ்ஸை அவள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைப் படித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது, கல்யாணப் பெண் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அப்போதுதான் காலைச் சாப்பாட்டுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வகுப்பு வரைக்கும்தான் அது. பவித்ரா உட்காருவது ஐந்தில், பெயர் இருப்பது ஆறில். வரிசையில் எல்லோரும் தட்டோடு உட்காரும்போது அவள் மட்டும் சும்மா உட்கார வேண்டும். சமைக்கும் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். தினமும் எவனாவது ஒருவன் வராமல் இருப்பான், அந்தச் சாப்பாட்டை இவளுக்கு வையுங்கள் என்றேன். அந்த அம்மா அதற்கென்ன டீச்சர் என்று தினமும் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று ஒரு நாள் தகவல் வந்தது. சமைக்கும் அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. எண்ணிக்கையில் ஒன்று கூடினால் வேலை போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் அவர் விதிப்படி நடந்துகொண்டார். பவித்ராவுக்குத் தட்டு வைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெண்ணை அந்த நேரத்துக்கு வேறெங்காவது அனுப்பியிருப்பேன். தினமும் செய்த தப்பு யார் கண்ணிலும் படவில்லை, ஒரு நாள் சரியாகச் செய்ததில் மாட்டிக்கொண்டோம்.

வந்த அதிகாரி இளைஞர், நல்ல மாதிரியானவர். தேர்வெழுதி நேரே அந்தப் பதவிக்கு வந்திருந்தார். ஒரு ஸ்பூன் கிச்சடியை வாயில் போட்டுப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு வரிசையில் ஓர் உயரமான பெண் தட்டில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கருணையோடுதான் கேட்டார், ஏம்மா நீ சாப்பிடலையா என்று. அவள் எழுந்து நின்று, "நான் ஆறாவது சார்," என்றாள். யாரும் அவளுக்குப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என் அறையில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். அவர் குரலை உயர்த்தவே இல்லை, நான்தான் எகிறினேன். அப்பா கேட்டார், பிள்ளைக்குச் சம்மதம், படிப்பு வருகிறது, வந்து அவளையே சோதித்துப் பாருங்கள் என்றேன். அவர் சோதிக்க மறுத்துவிட்டார். அது இல்லை மேடம் விஷயம் என்றார். நெசவாளர் தெருவில் ஒரு பெண்ணை ஒரு வகுப்பில் நிறுத்தினால் அடுத்து அவள் எங்கே போவாள் என்று கேட்டார். கரை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியின் அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளாக இந்தப் பெண் போய் உட்காருவாள் என்பது அவர் சந்தேகம். தணிகாசலத்தைப் பார்க்காமலே அவர்மீது வந்த சந்தேகம்.

பிறகு அவர் சொன்னதை உங்களிடம் மறைக்கக் கூடாது. "எங்க அப்பாவை மூணாவதுலயே ரெண்டு தடவை நிறுத்தினாங்க மேடம்," என்றார். "மூணாவது தடவை அவர் ஸ்கூலுக்குப் போகவே இல்ல. எங்க தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் நின்னாங்க. நீங்க நல்லவங்கன்னு தெரியுது. சட்டம் உங்களை நெனச்சிப் போட்டது இல்ல, எங்க அப்பாவோட வாத்தியாரை நெனச்சிப் போட்டது."

அவர் எந்தத் தெருவைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. யார் பிள்ளையை யார் நிறுத்தினார்கள் என்ற கதையெல்லாம் நான் பார்க்காததா. எங்கள் பழைய தலைமையாசிரியர் வீடு வீடாகப் போனார் என்றால், போகாத வாத்தியார்கள் அவரைப்போலப் பத்து மடங்கு இருந்தார்கள். ஆனாலும் ஒன்று சொன்னேன். உங்கள் அப்பாவுடைய அப்பாவை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, இந்த அப்பா தானாக வந்து கேட்கிறார், இரண்டும் ஒன்றா என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னது அவருக்கு உறைத்தது, அது முகத்தில் தெரிந்தது. "ரூல்ல அதுக்கு எடம் இல்ல மேடம்," என்று மட்டும் சொன்னார். என்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. அன்றைக்கே பெண்ணை ஆறாம் வகுப்புக்கு மாற்றச் சொல்லி, மாற்றியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பவித்ரா பையை எடுத்துக்கொண்டு வகுப்பு மாறியதை நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். சின்னதுகள் வாசல் வரைக்கும் வந்து நின்றன. அவள் என்னைக் கடக்கும்போது, "நான் இன்னும் முடிக்கலை டீச்சர்," என்றாள். புத்தகத்தில் பாதி வந்திருந்தாள். தெரியும்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அதற்கப்புறம் நாங்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளி விட்ட பிறகு அவளை உட்கார வைத்தேன். மற்றவர்கள் எல்லாம் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடும்போது தான் மட்டும் இருப்பது அவளுக்கு அவமானமாகப் பட்டது. ஐந்தாம் வகுப்பு வட்டத்தில் அவள் பலரில் ஒருத்தி, இங்கே அவள் மட்டும்தான் படிக்கத் தெரியாதவள். மணி அடித்ததும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவ ஆரம்பித்தாள். மாலை நேரத் தன்னார்வலர் வகுப்பு வந்தது, அந்தத் தன்னார்வலப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் நின்றது. பின்தங்கியவர்களுக்கென்று பயிற்சி ஏடு வந்தது. அதில் அவள் பழையபடி காதால் கேட்டு மனப்பாடமாக எழுதினாள், எல்லாப் பக்கத்திலும் சரி என்று குறியிட்டு வந்தது.

தணிகாசலம் ஒரு முறை வந்தார். சத்தம் போடவில்லை. பெத்தவன் பேச்சு செல்லாதுன்னா எதுக்கு டீச்சர் மாசாமாசம் மீட்டிங்குக்குக் கூப்பிடறீங்க என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் மனைவியையும் அனுப்பவில்லை.

ஆறு முடிந்து ஏழுக்குப் போனாள், ஏழு முடிந்து எட்டுக்குப் போனாள். எல்லா வருஷமும் தேர்ச்சி. சீருடை, செருப்பு, பை, புத்தகம் எல்லாம் குறையில்லாமல் கொடுத்தது அரசாங்கம். அவளுக்காகக் கேட்ட ஒரு வருஷத்தை மட்டும் கொடுக்க அதற்கு மனம் வரவில்லை. பிறகு நானும் ஓய்வு பெற்றேன். அவள் பக்கத்திலிருந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தாள். அங்கே நடந்ததை அவள் அம்மா கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொன்னாள். காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஒற்றை இலக்கம். தணிகாசலத்தைக் கூப்பிட்டு, இந்தப் பெண் பத்தாவதில் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் கெடுத்துவிடும், டி.சி. வாங்கிக்கொண்டு போய்த் தையல் கியல் ஏதாவது கற்றுக்கொடுங்கள் என்றார்களாம். அவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எட்டு வருஷம் அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லி அதே வகுப்பில் உட்கார வைத்தால் மனசு புண்படும் என்றார்கள். ஒன்பதாவதில் முதன்முறையாகச் சொன்னார்கள், அதுவும் வாசலைக் காட்டிச் சொன்னார்கள். இரண்டையும் செய்தது ஒரே துறைதான். பிள்ளைக்கு வலிக்கக் கூடாது என்று சின்ன வயதில் காட்டிய அந்தத் தயவு, வலி தாங்க முடியாத வயதுக்கு அதைத் தள்ளிப் போட்டது. இதை நான் எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன்.

பழையபடி பெயில் போடுகிற காலம் வர வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அதிகாரியின் அப்பா என் மனசை விட்டுப் போகவில்லை. உங்கள் பள்ளியிலும் அவரைப் போன்றவருடைய பேரப் பிள்ளைகள் படிப்பார்கள். ஆனால் மேலே இருந்து வருகிற உத்தரவு அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. அது யாருக்கு இறுக்குகிறது, யாருக்குத் தொளதொளவென்று தொங்குகிறது என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது. பார்க்க வேண்டியது நீங்கள்தான். பார்த்ததை மேலே எழுதி அனுப்புங்கள், கேட்க மாட்டார்கள், அப்போதும் அனுப்புங்கள். ஒரு அப்பாவோ அம்மாவோ உங்கள் வாசலில் வந்து நின்றால், சட்டத்தைச் சொல்லுமுன் உட்காரச் சொல்லுங்கள். அவர்களிடமிருந்து பிள்ளையை நாம் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறோம், அதை மறந்துவிட்டு உரிமைக்காரர்கள் மாதிரி நடந்துகொள்கிறோம். இதைச் சொல்வதால் உங்களுக்கு வேலை சுலபமாகிவிடாது என்றும் தெரியும். என்னால் ஒரு பெண்ணுக்கே செய்ய முடியவில்லை.

போன தை மாதம் என் தம்பி மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். மாடியில் சேலைகளைப் பிரித்துப் பிரித்துப் போட்ட பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, டீச்சர் நல்லா இருக்கீங்களா என்றாள். கடையின் சீருடைச் சுடிதாரில், தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு, நன்றாக வளர்ந்திருந்தாள் பவித்ரா. எங்கள் வீட்டுப் பெண்ணின் நிறத்துக்கு எது எடுக்கும் என்று அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். சேலையின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லேன் என்று என் தம்பி மனைவி கேட்டதற்கு, கீழே மிஷின்ல வெச்சா அதுவே படிச்சிடும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையைப் பிரித்தாள். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது படிக்கட்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வாம்மா, நான் சொல்லித் தருகிறேன் என்றேன். கடை மூட ராத்திரி ஆகிவிடும் டீச்சர் என்றாள், ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகமாம். பையை என் கையில் கொடுத்தவள் உடனே திரும்பிப் போகவில்லை.

"டீச்சர், இப்ப போய்க் கேட்டா அஞ்சாவதுல சேத்துக்குவாங்களா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. சேர்த்துக்க மாட்டாங்கம்மா, வயசுக்கு ஏத்த வகுப்புலதான் சேர்க்கணும்னு சட்டம், உன்னைப் பத்தாவதுலதான் சேர்ப்பாங்க என்றேன்.

அவள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"பத்தாவது குடுக்கறாங்க," என்றாள். "அஞ்சாவது குடுக்க மாட்டேங்கறாங்க."

மேலே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.